வேனுக்கு இரண்டாவது டீசல் டேங்க்: வீட்டிலேயே பொருத்த முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து தனாமி சாலையைப் பிடித்து வடமேற்கே போனால், ஹால்ஸ் கிரீக் போய்ச் சேர ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வழியில் யூயெண்டுமு என்ற பழங்குடி மக்களின் ஊரைத் தாண்டிவிட்டால், அடுத்து டீசல் கிடைப்பது பில்லிலூனாவில்தான். இடையில் 550 கிலோமீட்டருக்கும் மேல் செம்மண்ணும் முட்புதரும். நடுவே ராபிட் ஃபிளாட் என்று ஒரே ஒரு பங்க் இருந்தது. 2010 கடைசியில் அதையும் மூடிவிட்டார்கள். வேனையே வீடாக்கிக்கொண்டு நாடு சுற்றுகிறவர்கள் இரண்டாவது டேங்க் பற்றிப் பேசத் தொடங்குவது இப்படிப்பட்ட சாலைகளைப் பார்த்துத்தான்.

இந்த வழிகாட்டி அவர்களில் முதல்முறை ஸ்பானர் எடுப்பவர்களுக்கானது. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது அங்கே தெருவுக்குத் தெரு நிற்கும் டொயோட்டா ஹையேஸ் டீசல் வேன், 2005 முதல் 2019 வரை விற்ற வடிவம். வேறு வேன் என்றால் அளவுகள் மாறும், முறை மாறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் டீசல் எப்படிப் போகும், எங்கே ஒழுகும் என்றே யோசிக்கிறார்கள். காற்று எப்படி உள்ளே வரும், எப்படி வெளியே போகும் என்று யோசிப்பவர் குறைவு. இந்த வேலையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை காற்றுக்கு வழி சரியாக விடாததால் வருபவை. கீழே வரும் படிகளில் காற்றைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

## உங்களுக்கு இது உண்மையிலேயே தேவையா?

ஹையேஸின் சொந்த டேங்க் 70 லிட்டர். கட்டில், தண்ணீர், பேட்டரி எல்லாம் ஏற்றிய வேன் மண் சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் கிடக்கும் கொஞ்சத்தை விட்டுவிட்டால் கையில் 65 லிட்டர். 540 கிலோமீட்டர் ஓடலாம்.

இந்தக் கணக்கோடு வரைபடத்தைப் பாருங்கள். பெயரைக் கேட்டாலே பயப்படும் நல்லார்போர் சமவெளி நெடுஞ்சாலையில், பங்க்குகளுக்கு இடையே அதிகபட்ச இடைவெளி 200 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு இரண்டாவது டேங்க் தேவையே இல்லை. லேவர்டனிலிருந்து உலுரு பக்கம் போகும் கிரேட் சென்ட்ரல் சாலையில்கூட ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்குள் ஒரு பங்க் வந்துவிடும். தனாமி போன்ற சாலைகளுக்கும், மழை வெள்ளத்தில் வழி அடைபட்டு வந்த வழியே திரும்ப வேண்டிவரும் நிலைமைக்கும்தான் கூடுதல் டீசல் கைகொடுக்கும்.

வருஷத்துக்கு ஒரு பயணம்தான் என்றால், தரச்சான்று உள்ள 20 லிட்டர் ஜெர்ரி கேன் இரண்டு வாங்கி வேனுக்கு வெளியே, பின்கதவில் உறுதியான தாங்கி போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். செலவு மிச்சம், சான்றிதழ் அலைச்சலும் இல்லை. அடிக்கடி போகிறவர்கள் மேலே படியுங்கள்.

## பெட்ரோல் வேன் வைத்திருப்பவர்களுக்கு

வேண்டாம். டீசலின் ஆவி நெருப்புப் பொறியில் பற்றிக்கொள்ள அது ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 டிகிரியே போதும், அதாவது எந்நேரமும் தயாராக இருக்கிறது. தவிர, பெட்ரோல் வண்டியில் ஆவியைப் பிடித்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் தனி ஏற்பாடு உண்டு. இரண்டாவது டேங்கையும் அதோடு இணைக்க வேண்டும். அது பட்டறைக்காரர் வேலை, வீட்டு முற்றத்து வேலை இல்லை.

## சட்டமும் காப்பீடும்

ஆஸ்திரேலியாவில் வண்டியை மாற்றியமைப்பதற்கு விஎஸ்பி 14 என்ற தேசிய நெறிமுறை உண்டு. அதை நடைமுறைப்படுத்துவது அந்தந்த மாநிலம். விக்டோரியாவில் ஒரு முறை, நியூ சவுத் வேல்ஸில் இன்னொரு முறை, குயின்ஸ்லாந்தில் மாற்றத்தைப் பொறித்த தகடு. பெயர்கள் எதுவானாலும் சாரம் ஒன்றுதான்: அங்கீகாரம் பெற்ற ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும். அவரை வேலை முடிந்த பிறகு கூப்பிடாதீர்கள். தாளில் படம் வரைந்து, டேங்க் எங்கே, எத்தனை போல்ட், குழாய் எந்த வழியே என்று காட்டி, ஒரு துளைகூடப் போடுவதற்கு முன் ஒப்புதல் கேளுங்கள். மேலே ஏற்றிய டேங்கை இறக்கி மறுபடி ஏற்றும் வேலை மிச்சமாகும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது விபத்துக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

## எங்கே வைப்பது?

வேனில் வாழ்பவர்களுக்கு முதலில் தோன்றுவது வேனுக்குள்ளே, கட்டிலுக்கு அடியில். சுலபம், துருப்பிடிக்காது, கல் அடிக்காது. ஆனால் அங்கேதான் நீங்கள் தூங்குகிறீர்கள். ஒரு கிளாம்ப் தளர்ந்தால் இரவெல்லாம் டீசல் நாற்றம், தலைவலி. மரப்பலகைக்குள் ஊறிய டீசல் வாடை லேசில் போகாது. எனவே தரைக்கு அடியில் வைப்பதே என் பரிந்துரை.

ஹையேஸில் தரைக்கடியில் நல்ல இடம், பின் ஆக்சிலுக்குப் பின்னால் ஸ்டெப்னி தொங்கும் இடம்தான். ஸ்டெப்னியைக் கழற்றிப் பின்கதவுத் தாங்கிக்கு மாற்றினால், 45 முதல் 50 லிட்டர் கொள்ளும் தட்டையான டேங்குக்கு இடம் கிடைக்கும்.

இங்கே எடைக் கணக்கு ஒன்று போட்டாக வேண்டும். ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 0.84 கிலோ. 50 லிட்டர் என்றால் 42 கிலோ. டேங்க், பட்டை, பம்ப் எல்லாம் சேர்த்து 60 கிலோ என்று வையுங்கள். இது ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குவதால் பின் ஆக்சில் 60 கிலோவோடு தப்பாது. ஹையேஸ் லாங் வீல்பேஸில் இரண்டு ஆக்சிலுக்கும் இடைவெளி 2,570 மி.மீ. டேங்கின் நடுப்பகுதி பின் ஆக்சிலுக்கு 700 மி.மீ. பின்னால் இருந்தால், பின் ஆக்சிலில் ஏறும் எடை 76 கிலோ. முன் ஆக்சிலில் 16 கிலோ குறையும். பின்கதவுக்குப் போன ஸ்டெப்னி இன்னும் பின்னால் தள்ளிப்போவதால் அதன் பங்கும் கூடும். ஏற்கெனவே பின்பக்கம் கனத்த வேனாக இருந்தால் ஸ்டியரிங் லேசாகி, மண் சாலையில் முன்சக்கரம் பிடிமானம் விடும்.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன் வேனை அதன் முழுச் சுமையோடு, நீங்களும் உட்கார்ந்து, எடைமேடையில் நிறுத்துங்கள். முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக எடை எடுங்கள். வண்டியின் தகட்டிலும் கையேட்டிலும் உள்ள உச்ச எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிச்சம் 100 கிலோகூட இல்லை என்றால் டேங்கை மறந்துவிட்டு, வேனுக்குள் இருக்கும் தேவையில்லாத சாமான்களை இறக்குவதுதான் முதல் வேலை.

மற்ற நிபந்தனைகள் மூன்று: டேங்க் ஆக்சிலைவிடக் கீழே தொங்கக்கூடாது, ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது ஆக்சில் வந்து மோதக்கூடாது, சைலன்சர் குழாயிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளியிருக்க வேண்டும், இடமில்லை என்றால் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு போட வேண்டும்.

## எந்த டேங்க் வாங்குவது?

உங்கள் வேனுக்கென்றே செய்து விற்கும் தயார் டேங்க் கிடைத்தால், விலை கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். தாங்கும் பட்டையும் போல்ட்டும் அளவெடுத்துச் செய்தவையாக இருக்கும். கிடைக்கவில்லை என்றால் செய்து வாங்கலாம். 3 மி.மீ. கனமுள்ள அலுமினியம், அல்லது 2 மி.மீ. அலுமினியப் பூச்சு இரும்பு. அடித்து வார்த்த பிளாஸ்டிக் டேங்கும் நன்றாகவே உழைக்கும், கல்லடியில் நெளிந்து மீளும்.

ஜிங்க் பூச்சு இரும்பை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டீசலில் உண்டாகும் அமிலம் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரியான பிசினாகும். அது ஃபில்டரை அடைக்கும், இன்ஜெக்டரிலும் படியும். செம்பும் அப்படித்தான்: டீசலைச் சீக்கிரம் கெட வைக்கும். செம்புக் குழாய் பார்வைக்கு அழகு, இந்த வேலைக்கு ஆகாது.

செய்யக் கொடுக்கும்போது பட்டறையில் கேட்க வேண்டியவை: உள்ளே தடுப்புத் தகடுகள், பிரேக் போட்டால் டீசல் மொத்தமாக முன்னே பாயாமல் இருக்க. டீசல் உறிஞ்சும் குழாய் மேலிருந்து உள்ளே இறங்க வேண்டும், அடியிலிருந்து 10 முதல் 15 மி.மீ. மேலே நிற்க வேண்டும், கீழே படியும் தண்ணீரையும் அழுக்கையும் இழுக்காதபடி. மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் திருகு. அது தவிர அடியில் வேறு துளையே கூடாது. குழாய்கள் எல்லாம் மேல்பக்கம் இருந்தால், ஒன்று கழன்றாலும் டேங்க் காலியாகாது.

பழைய டேங்கை மலிவாக வாங்கி வெட்டி ஒட்டும் யோசனை இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள். எரிபொருள் இருந்த டேங்கில் வெல்டிங் வைப்பது உயிருக்கு ஆபத்து. காலி டேங்கில் திரவம் இல்லாமல் இருக்கலாம், ஆவி இருக்கும்.

## இணைக்கும் முறை: எஞ்சின் குழாயில் கை வைக்காதீர்கள்

இரண்டாவது டேங்கை வண்டியோடு சேர்க்க இரண்டு வழி. ஒன்று, எஞ்சினுக்குப் போகும் குழாயில் திருப்பு வால்வு போட்டு, ஒரு சமயம் இந்த டேங்க், ஒரு சமயம் அந்த டேங்க் என்று மாற்றுவது. பழைய வண்டிகளில் இது நடந்தது. இப்போதைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் வேண்டாம். எஞ்சின் எடுக்கும் டீசல் முழுதும் எரிவதில்லை, ஒரு பங்கு சூடாகித் திரும்பி வருகிறது. அந்தத் திரும்பும் குழாயையும் சேர்த்து மாற்றாவிட்டால் ஒரு டேங்கிலிருந்து எடுத்து இன்னொன்றில் கொட்டிக்கொண்டே இருக்கும், நிறைந்து வழியும். அதைவிடப் பெரிய ஆபத்து, மாற்றும் வால்வில் காற்று புகுவது. உயர் அழுத்த பம்புக்கு மசகே டீசல்தான். காற்றை இழுத்தால் உலர்ந்து தேயும். அந்தப் பம்பின் விலை உங்கள் டேங்க் வேலை முழுவதையும்விட அதிகம்.

இரண்டாவது வழியைத்தான் இங்கே சொல்கிறேன். புது டேங்கிலிருந்து சிறு மின்பம்ப் மூலம் சொந்த டேங்குக்கு டீசலை மாற்றுவது. எஞ்சினுக்கு நடந்தது எதுவும் தெரியாது. பம்ப் கெட்டால்கூட வண்டி வழக்கம்போல ஓடும்.

## வாங்க வேண்டியவை

12 வோல்ட் டீசல் பம்ப், மணிக்கு 100 லிட்டர் அளவில் தள்ளுவது போதும். திடமான சிறு கட்டை வடிவில் டிக் டிக் என்று ஓடும் ஃபேசெட் வகை பம்புகளை இதற்கு அதிகம் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன்னால் போட ஒரு சல்லடை ஃபில்டர். ஒருபக்கம் மட்டும் விடும் வால்வு. மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கும் சொலினாய்டு வால்வு. 8 மி.மீ. உள்விட்டமுள்ள டீசல் ஹோஸ்; அதன் மேல் எரிபொருளுக்கானது என்று அச்சிட்டிருக்க வேண்டும், தண்ணீர் ஹோஸை டீசல் சில மாதங்களில் கரைத்துவிடும். ஓரம் மடித்த ஹோஸ் கிளாம்ப்புகள். துளையிட்ட சாதாரணத் திருகு கிளாம்ப் ரப்பரை வெட்டும். டீசல் ஊற்றும் வாய், மூடி, 38 மி.மீ. ஹோஸ். உருளும்போது மூடிக்கொள்ளும் பிரீதர் வால்வு. 8.8 தர எம்10 போல்ட், நைலான் பூட்டு நட், பெரிய தகட்டு வாஷர். மிதவை சென்சாரும் மீட்டரும்.

மீட்டர் வாங்கும்போது ஓம் கணக்கைப் பாருங்கள். விடிஓ வகை சென்சார் 10 முதல் 180 ஓம். அமெரிக்க வகை 240 முதல் 33 ஓம். ஒன்றின் சென்சாரும் மற்றதன் மீட்டரும் சேர்ந்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது காலி என்று காட்டும்.

## படி 1: வேனைத் தயார் செய்தல்

சொந்த டேங்கில் கால்பங்குக்கு மேல் டீசல் இல்லாத நாளாகப் பாருங்கள். சமதளமான கான்கிரீட் தரை, திறந்த வெளி. முன்சக்கரங்களுக்குக் கட்டை. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது, இரண்டு நிமிஷ வேலைக்குக்கூட. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எஞ்சினும் சைலன்சரும் நன்றாக ஆறிய பிறகே தொடங்க வேண்டும்.

## படி 2: அட்டையில் ஒத்திகை

டேங்கின் அளவிலேயே ஓர் அட்டைப்பெட்டி செய்து, அது போகும் இடத்தில் கயிறு கட்டித் தொங்க விடுங்கள். கையை விட்டுச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கம்பி, வயர்க்கட்டு எதுவும் உரசக்கூடாது. ஸ்பானர் போய்த் திருகும் இடமும், வடிகால் திருகைக் கழற்ற இடமும் வேண்டும். அரை நாள் பிடிக்கும் இந்த வேலை விளையாட்டு மாதிரித் தோன்றும். துளையெல்லாம் போட்ட பிறகு தெரிய வருவதை இப்போதே காட்டிக்கொடுப்பது இதுதான்.

## படி 3: டேங்கைச் சோதித்தல்

புது டேங்காக இருந்தாலும் நம்பாதீர்கள். உள்ளே கிடக்கும் உலோகத்தூள் போகக் கொஞ்சம் டீசல் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். எல்லா வாயையும் அடைத்து, ஒன்றில் மட்டும் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். 1 முதல் 2 பிஎஸ்ஐ போதும். கம்ப்ரசர் வைத்து அடித்தால் டேங்க் உப்பி வெல்டிங் பிளக்கும். தையல்களில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் அப்படியே பட்டறைக்குத் திருப்பி எடுத்துப் போங்கள். மேலே பசை பூசிச் சமாளிக்கக்கூடாது.

## படி 4: தூக்கி மாட்டுதல்

ஸ்டெப்னி தொங்கிய தாங்கியும் ஏற்கெனவே உள்ள துளைகளும் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். சேசிஸ் கம்பியின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக்கூடாது, பளு அங்கேதான் அதிகம். நேரடியாக வெல்டிங்கும் வேண்டாம். தரைத்தகட்டின் வழியே போல்ட் போக வேண்டியிருந்தால் உள்பக்கம் பெரிய தகடு வைத்துப் பளுவைப் பரப்ப வேண்டும், வெறும் வாஷர் நாளடைவில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். போட்ட துளை ஒவ்வொன்றிலும் துருத்தடுப்பு வண்ணம் பூசிய பிறகே போல்ட்.

பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே கெட்டியான ரப்பர் பட்டை. ஸ்பாஞ்ச் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்து அலுமினியத்தை அரிக்கும். ஒருவர் ஜாக்கியால் டேங்கை மெல்ல உயர்த்த, இன்னொருவர் நட் போடுவது நல்லது. எம்10 போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு. முடித்ததும் நட்டிலும் தகட்டிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்து வையுங்கள். பின்னாளில் நட் நகர்ந்திருந்தால் கோடு உடைந்து காட்டும்.

## படி 5: காற்று வழி

வேலையின் இதயம் இதுதான். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் மொடுக் மொடுக்கென்று விட்டுவிட்டு வரும். எதிர்மூலையில் இன்னோர் ஓட்டை போட்டதும் ஒழுங்காக ஒழுகும். டேங்கிலும் அதே கதை, ஆனால் இங்கே காற்றுக்கு இரண்டு தனி வேலை உண்டு.

முதலாவது, டீசல் நிரப்பும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு பங்க்குகளில் லாரிக்கான வேகமான பம்புகள் இருக்கும். காற்று வெளியேற இடமில்லை என்றால் டீசல் வாய்வழியே திரும்பி உங்கள் சட்டையில் அடிக்கும். இதற்கு டேங்கின் மேல்தளத்திலிருந்து 16 மி.மீ. குழாய் ஒன்று கிளம்பி, டீசல் ஊற்றும் வாயின் மேற்பகுதிக்கே வந்து சேர வேண்டும். டீசல் அந்தக் குழாயின் உள்முனையை எட்டி மூடியதும் பங்க்கின் குழாய் தானாகவே நின்றுவிடும்.

இரண்டாவது, எந்நேரமும் திறந்திருக்கும் சிறு பிரீதர். பம்ப் டீசலை இழுக்கும்போது காற்று உள்ளே வரவும், வெயிலில் டீசல் விரியும்போது காற்று வெளியேறவும் 8 மி.மீ. போதும். டீசல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்தில் 0.8 பங்கு விரிகிறது. அதிகாலைக் குளிரில் 50 லிட்டர் நிரப்பி, மதியம் 30 டிகிரி சூடு ஏறினால் 1.2 லிட்டர் கூடுகிறது. அதற்கு இடம் இல்லை என்றால் பிரீதர் வழியே சாலையில் ஒழுகும். ஆகவே அந்த 16 மி.மீ. காற்றுக் குழாயின் உள்முனையை டேங்கின் 95 சதவீத மட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இந்தச் சிறு பிரீதர் போகும் பாதையைக் கவனியுங்கள். டேங்கிலிருந்து நேரே மேலே ஏறி, டீசல் ஊற்றும் வாயைவிட உயரமான ஒரு வளைவு அடித்து, பிறகு இறங்கி வண்டிக்கு வெளியே முடிய வேண்டும். வழியில் எங்கும் பள்ளம் விழக்கூடாது. பள்ளத்தில் ஒரு மடக்கு டீசல் தேங்கினால் காற்று அடைபட்டுப்போகும், பம்ப் ஓடும், டீசல் வராது, நீங்கள் பம்பைக் குறை சொல்வீர்கள். உருளல் வால்வு டேங்கை ஒட்டி. வெளிமுனையில் ஒரு சிறு ஃபில்டர். உள்நாட்டுச் செம்மண் மாவுத்தூசி விரல் நுழையாத இடத்திலெல்லாம் நுழையும். முனை சைலன்சர் பக்கம் பார்க்கக்கூடாது, வேனின் உள்ளேயும் முடியக்கூடாது.

டீசல் ஊற்றும் வாயைப் பக்கவாட்டுத் தகட்டில் பொருத்துங்கள். அங்கிருந்து டேங்க் வரை சரிவு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். உலோக வாயிலிருந்து சேசிஸுக்கு ஒரு வயர் இணைத்துவிடுங்கள், நிலைமின்சாரம் சேராமல் இருக்க.

## படி 6: பம்பும் குழாயும்

இந்த வகை பம்புகள் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சுமார். எனவே பம்பை டேங்குக்குப் பக்கத்திலேயே, முடிந்தவரை தாழ்வாக, வெளிவிடும் முனை மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். வரிசை இப்படி: டேங்க், சல்லடை ஃபில்டர், பம்ப், ஒருபக்க வால்வு, சொலினாய்டு வால்வு, பிறகு சொந்த டேங்கின் டீசல் ஊற்றும் குழாய்.

அந்த வாய்க்குழாயில் ரப்பர் பகுதி ஒன்று இருக்கும். அதை வெட்டி, பக்கத்தில் 8 மி.மீ. முனை உள்ள உலோக டீ இணைப்பைச் செருகி இரு பக்கமும் கிளாம்ப் போடுங்கள். எவ்வளவு உயரத்தில் வெட்டுகிறீர்கள் என்பது முக்கியம். இணைப்பு புது டேங்கின் மேல்மட்டத்தைவிட உயரத்தில் இருந்தால் டீசல் தானாக ஒழுகிப்போகாது. தாழ்வாக இருந்தால் பம்ப் நின்ற பிறகும் சைஃபன் முறையில் டீசல் இறங்கிக்கொண்டே இருக்கும், சொந்த டேங்க் நிறைந்து வழியும் வரை.

இங்கே பலர் குழம்புவது ஒருபக்க வால்வு இருக்கிறதே என்று. அது தடுப்பது பின்னோக்கிப் போவதை. பங்க்கில் சொந்த டேங்கை நிரப்பும்போது டீசல் இந்தக் குழாய் வழியே புது டேங்குக்குப் போகாமல் அது காக்கும். சைஃபன் பாய்வதோ முன்னோக்கி. அதை நிறுத்துவது சொலினாய்டு வால்வு மட்டுமே. சமதளத்தில் உயரம் சரியாக இருந்தாலும் சரிவில் வேனை நிறுத்தினால் மட்டம் மாறிவிடும் என்பதால் இரண்டு வால்வையும் போடுங்கள்.

குழாய் ஒவ்வொரு சாண் தூரத்திலும் பிடிப்பு பெற வேண்டும். தகட்டின் விளிம்பைக் கடக்கும் இடங்களில் ரப்பர் வளையம். சைலன்சருக்கு மேலாகப் போகவே கூடாது.

## படி 7: மின்சாரம்

பேட்டரியிலிருந்து கிளம்பும் இடத்திலேயே 5 ஆம்பியர் பியூஸ். அங்கிருந்து ரிலே, பிறகு பம்பும் சொலினாய்டும் ஒரே வயரில், இரண்டும் சேர்ந்து திறந்து சேர்ந்து மூடும்படி. ரிலேயை இயக்கும் மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டுமே உயிர் பெறும் வயரிலிருந்து எடுங்கள். டேஷ்போர்டில் விளக்குள்ள சுவிட்ச், முடிந்தால் 15 நிமிஷத்தில் தானே அணையும் டைமர். மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கீழே வருகிறது. தரைக்கடியில் போகும் வயர்களை நெளிகுழாய்க்குள் விட்டு, இணைப்புகளை முடிந்தவரை வேனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

## படி 8: முதல் டீசல்

ஐந்து லிட்டர் ஊற்றுங்கள். எல்லா இணைப்புகளிலும் சாக்கட்டித் தூள் தடவி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் வெள்ளைத் தூளைக் கருக்கிக் காட்டிக்கொடுக்கும். அடியில் பழைய செய்தித்தாள் விரித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

காலையில் உலர்ந்திருந்தால் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். தட்டையான டேங்கில் பாதி முள் என்பது பாதி டீசலாக இருக்காது. இந்தச் சீட்டை வெயில் மறைப்பில் ஒட்டிவிடலாம். பிறகு பம்பை ஓடவிட்டு, ஐந்து லிட்டர் மாற எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். அணைத்த பிறகு ஒரு மணி நேரம் கழித்து மீட்டர் இறங்கியிருந்தால் சைஃபன் நடக்கிறது, படி 6க்குத் திரும்புங்கள்.

கடைசியாக முழுக்க நிரப்பி, ஊருக்குள் ஓட்டி, ஆளில்லாத இடத்தில் இரண்டு முறை அழுத்தமாக பிரேக் போட்டு, வளைவுகளில் திருப்பிவிட்டு வந்து மறுபடி அடியில் பாருங்கள். பிறகுதான் கையெழுத்திடுபவரிடம் எடுத்துப் போக வேண்டும்.

## பயணத்தில் பயன்படுத்தும் விதம்

சொந்த டேங்க் பாதிக்கு வந்ததும் மாற்றத் தொடங்குங்கள். முள் சிவப்பைத் தொடும்வரை காத்திருப்பது தப்பு. அந்த நேரத்தில் பம்ப் ஓடவில்லை என்று தெரிந்தால் திரும்பிப்போகக்கூட டீசல் இருக்காது. பாதியில் தெரிந்தால், பக்கத்திலிருக்கும் ஊர் முன்னாலா பின்னாலா என்று யோசித்து முடிவெடுக்கலாம். ஆனால் பாதி டேங்கில் 35 லிட்டருக்குத்தான் இடம். 50 லிட்டரையும் ஒரேயடியாக மாற்ற முயன்றால் மிச்சம் சாலையில்தான். சாலையில் கொட்டிய டீசல், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரை விழவைக்கும். 15 நிமிஷ டைமர் என்றது இதற்காகத்தான்: மணிக்கு 100 லிட்டர் பம்ப் அதற்குள் 25 லிட்டர் மாற்றி நின்றுவிடும். மீதியை அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம்.

தெரியாத ஊரில், டிரம்மிலிருந்து விற்கும் டீசலை வாங்க நேர்ந்தால் அதைப் புது டேங்கில் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் சில மணி நேரத்தில் அடியில் தங்கும். வடிகாலைத் திறந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துப் பார்த்த பிறகு மாற்றலாம். இரண்டாவது டேங்கின் இந்தப் பயனை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

## பராமரிப்பு

முதல் 500 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும், பெயிண்ட் கோட்டையும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் சல்லடை ஃபில்டர், பிரீதர் ஃபில்டர், ஹோஸ் வெடிப்பு. தூசிச் சாலையிலிருந்து வந்தால் பிரீதரை அன்றே தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

மாதக்கணக்கில் வேன் நிற்கப்போகிறது என்றால் டேங்கை நிரப்பி விடுங்கள், அல்லது சுத்தமாக வடித்து விடுங்கள். அரைகுறையாக விட்டால் இரவுக் குளிரில் உள்சுவரில் தண்ணீர் வியர்த்து அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கூழாகி ஃபில்டரை அடைக்கும்.

குழாய், வயர் எல்லாவற்றையும் காட்டும் படத்தையும், எந்த ஹோஸ் எந்த அளவு என்ற பட்டியலையும், சான்றிதழ் நகலோடு வண்டிக் கையேட்டின் உறைக்குள் வைத்துவிடுங்கள். வேனை விற்கும்போது வாங்குபவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது அதுதான். சொந்த டேங்க் நிறைந்திருக்கும்போது டேஷ்போர்டில் எந்த சுவிட்சைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.